உட்கார்ந்தால் வலிக்கிற மாமா

என் மாமாவுக்கு ஓய்வு ஆகாது. சிலருக்குத் தூசி ஆகாது, சிலருக்குப் பால் ஆகாது. அவருக்கு நாற்காலி ஆகாது. இதைக் கண்டுபிடிக்க எங்கள் குடும்பத்துக்கு வருடக்கணக்கில் ஆனது. கண்டுபிடித்த பிறகும், எல்லாம் புரிந்துவிட்டது என்று என்னால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நான் உயிரியல் பட்டதாரி. எங்கள் பரம்பரையில் பட்டம் என்ற ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டிய முதல் சுவர் எங்கள் வீட்டுச் சுவர். நகரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வெள்ளை அங்கி போட்டு வேலை பார்க்கிறேன். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அம்மா, "இரு, என் பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பாள். அப்படிப்பட்ட என்னிடம்தான் அம்மாவின் தம்பியான இந்த மாமா ஒருநாள் கேட்டார்: "மாப்ள, வேலை செஞ்சா வலி போகுது. சும்மா இருந்தா வருது. இது என்ன கணக்கு?"

நான் சுவரில் இருந்த பட்டத்தைப் பார்த்தேன்.

மாமாவைச் சின்ன வயதிலிருந்தே எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் நிற்க மாட்டார். தன் கல்யாணத்திலேயே வந்தவர்களுக்கு நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடியவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். ஊரை விட்டு வந்ததும் ஒரு பருப்புக் குடோனில் மூட்டை தூக்கச் சேர்ந்தார். தூக்கினார், அடுக்கினார், நாலு பேரை வைத்து வேலை வாங்கினார். முதலாளிக்கு மனசு குளிர்ந்து, வாசலில் இருக்கிற எடை மேடையில் அவரை உட்கார வைத்துவிட்டார்.

லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, சரக்கோடு வெளியே போகும்போது ஒரு எடை. கண்ணாடி அறை, சக்கரம் வைத்த நாற்காலி, முன்னால் எண் காட்டும் பெட்டி, தலைக்கு மேல் மின்விசிறி. அத்தைக்குத் தலை கால் புரியவில்லை. "அவர் இப்போ மூட்டை தூக்குறதில்ல. பொத்தான் அமுக்குறார்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பொத்தானை அமுக்க ஆரம்பித்த பிறகுதான் முதுகு பெரிதாகப் பேச ஆரம்பித்தது. வலி அதற்கு முன்பும் இருந்திருக்கிறது. மூட்டை தூக்குகிறவனுக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது தூக்காதபோது வலித்தது. விடிவதற்கு முன்பே வலி எழுப்பிவிடும். எழுந்தால் குனிய முடியாது.

"முதுகு கதவு மாதிரி இருக்கு மாப்ள. கீல் துருப்பிடிச்ச கதவு. தண்ணி எடுத்து ஊத்தி, ரெண்டு தெரு நடந்தா, அப்புறம்தான் திறக்குது."

லீவு நாள் வந்தால் இன்னும் மோசம்.

எலும்பு மருத்துவர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு பளிச்சென்று இருக்கிறது, தசைப்பிடிப்புதான், படுத்து ஓய்வெடுங்கள் என்றார். அத்தை அந்த ஓய்வை ஒரு விரதம் போல நடத்தினாள். மாமாவைக் கட்டிலில் போட்டு, வாசலில் காவல் இருந்தாள். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அவர் எழுந்து வீட்டைக் கூட்டியிருக்கிறார். திரும்பி வந்தவள் துடைப்பமும் கையுமாகப் பிடித்துவிட்டாள்.

"நோயாளி செய்யுற வேலையா இது?"

"கூட்டினா நல்லா இருக்குடி."

"அப்போ வலி பொய்யா?"

"வலி நிஜம்தான். கூட்டுறதும் நிஜம்தான்."

அத்தை என்னைப் பார்த்தாள். "தம்பி, நீ படிச்சவன். இந்த ரெண்டுல எது பொய்னு சொல்லு." நான் எலும்பு மருத்துவர் பக்கம் சாய்ந்தேன். ஓய்வெடுத்தால் வலி குறையும் என்பது ஏதாவது ஒரு பாடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

குடோனில் நிலைமை இதைவிடக் குழப்பம். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இடுப்பு இறுகும். மாமா எழுந்து லாரிகளுக்கு நடுவே நடக்கப் போய்விடுவார். எடை மேடையில் லாரி நின்று ஹாரன் அடிக்கும். ஒருநாள் அவர் அந்தக் கோடிக்கு நடந்து போன நேரத்தில் ஒரு லாரி இரண்டாவது எடை போடாமலே வெளியே போய்விட்டது. முதலாளி கூப்பிட்டு விட்டார். மாமா உள்ளதைச் சொல்லி, "என்னைப் பழையபடி மூட்டைக்கே விட்டுருங்க" என்று கேட்டிருக்கிறார். அதுதான் வினையாகப் போனது. மேலே போனவன் கீழே வருகிறேன் என்றால் கீழே என்ன இருக்கிறது? மூட்டையில் ஏதாவது கைவரிசை இருக்குமோ? குடோன் முழுக்க இதே பேச்சு.

முதலாளி முடிவாகச் சொன்னார்: "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். நாற்காலியில உக்காரு. இல்லன்னா வீட்டுல உக்காரு."

எங்கே போனாலும் உட்காரத்தான் வேண்டும் என்றார் மாமா என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வாரம் அவர் முகத்தில் வேறெந்தச் சிரிப்பையும் நான் பார்க்கவில்லை. அவர் குழந்தைகள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். திருடன் என்ற பெயரோடு வெளியே வந்தால் வேறு எந்த குடோன் சேர்க்கும்?

இந்த நேரம் பார்த்து அவர் கண் சிவந்தது. வலது கண் மட்டும். வெளிச்சம் பட்டால் ஊசி குத்துவது போலிருக்கிறது என்றார். ஒரு தொல்லை போதாதா, இன்னொன்றா என்று அத்தை தலையில் கை வைத்தாள். நான் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மா கருவியில் அவர் தாடையை வைக்கச் சொல்லி, விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார்:

"இடுப்பு வலிக்குமா உங்களுக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் வாசல் பலகையைப் பார்த்தேன். கண் என்றுதான் போட்டிருந்தது.

"வலிக்கும்மா. ஆனா நான் வந்தது கண்ணுக்கு."

"தெரியுது. காலையில எந்திரிக்கும்போது ரொம்ப இறுக்கமா இருக்குமா? நடந்தா சரியாகுமா?"

மாமா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "இவன்தானே சொன்னான் உங்ககிட்ட?"

"நான் வாயே திறக்கலையே மாமா!"

கண்ணுக்குள் அழற்சி என்றார் மருத்துவர். இந்த வயதில், இந்த மாதிரிக் கண் அழற்சி வந்தால் இடுப்பைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும் என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதினார். மூட்டு அழற்சி பார்க்கிற மருத்துவர் ஒருவருக்குக் குறிப்பு எழுதினார். கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை: எச்.எல்.ஏ. பி-27.

"பஸ் நம்பர் மாதிரி இருக்கு" என்றார் மாமா படியிறங்கும்போது. "கண்ணைக் காட்டினா இடுப்பைக் கேக்குறாங்க. இடுப்பைக் காட்டியிருந்தா பல்லைக் கேட்டிருப்பாங்களோ?"

பி-27 பரிசோதனை எங்கள் கூடத்துக்குப் புதிது. அதற்கான மருந்துப் பெட்டி அப்போதுதான் வந்திருந்தது. செய்யும் முறை சிக்கலில்லை. வெள்ளை அணுக்களின் மேல்புறத்தில் பி-27 என்ற அடையாளம் இருந்தால் மட்டும் ஒட்டிக்கொள்கிற ஒரு பொருள். அதன் வாலில் ஒளிரும் சாயம். ரத்தத்தில் கலந்து, அணுக்களை ஒளிக்கற்றைக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட வேண்டும். திரையில் மலை போல ஒரு வரைபடம் எழும். மின்னாத அணுக்களின் மலை இடது ஓரம் நிற்கும். மின்னினால் மலை வலப்பக்கம் நகர்ந்துவிடும்.

எந்தப் பரிசோதனைக்கும் பக்கத்தில் ஒரு நார்மல் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். எங்கள் கூடத்தில் நார்மல் என்றால் நான்தான். எதைப் பார்த்தாலும் அளவோடு இருக்கிற ரத்தம் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். பட்டத்துக்கு அடுத்தபடியாக நான் பெருமைப்படுகிற விஷயம் இது. அன்றும் வழக்கம் போல என் கையை நீட்டி, ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டேன்.

மாமாவின் மலை வலப்பக்கம் நின்றது. எதிர்பார்த்ததுதான். என் ரத்தத்தை ஓட்டினேன். அதுவும் வலப்பக்கம் போய் நின்றது.

ஆய்வகத் தலைவி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "நார்மல் எங்கப்பா?"

"இதுதான் மேடம் நார்மல்."

"இது எப்படி நார்மல்? இதுவும் அங்கதான் நிக்குது. ரெண்டு குழாயிலயும் ஒரே ரத்தத்தை ஊத்திட்டியா?"

ஊற்றவில்லை. ஊற்றவில்லை என்று எனக்கே நிச்சயமில்லை. மறுபடி என் கையைக் குத்தினேன். மறுபடி வலப்பக்கம். மருந்துப் பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். மேடம் வரவேற்பில் இருந்த அக்காவைக் கூப்பிட்டு அவர் கையைக் குத்தச் சொன்னார். அந்த மலை சமர்த்தாக இடது ஓரத்தில் நின்றது.

பெட்டி கெடவில்லை. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பேஷண்ட் உனக்கு யாரு?"

"அம்மாவோட தம்பி மேடம்."

அவருக்குச் சிரிப்பு வெடித்தது. "மாமன் ரத்தம் சரியா இருக்கான்னு மருமகன் ரத்தத்தை வச்சுப் பாத்திருக்க. நல்ல வேளை, உங்க அம்மாவையும் கூட்டிட்டு வரல."

இந்த அடையாளங்களில் ஒரு பாதி அம்மாவிடமிருந்தும் ஒரு பாதி அப்பாவிடமிருந்தும் வரும். படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். என் உடம்பிலும் அப்படித்தான் இருக்கும் என்பது மட்டும் அதுவரை தோன்றவில்லை.

ஆனால் எனக்கு வலி கிடையாது. மணிக்கணக்கில் உட்கார்வேன், குப்புறப் படுத்துத் தூங்குவேன். அந்த அடையாளம்தான் நோய் என்றால் எனக்கு ஏன் இல்லை? அது நோயே இல்லை என்றால் மாமாவுக்கு ஏன் பார்க்க வேண்டும்? அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் என் இடுப்பை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வலிப்பது போலவும் இருந்தது.

மறுநாள் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் சுவரோரம் நின்றபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அத்தை எதிரே உட்கார்ந்து, "நின்னுக்கிட்டே குடிச்சா உடம்புல ஒட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவைச் சொன்னேன். எனக்கும் இருப்பதைச் சொன்னேன்.

"உனக்குமா?" மாமாவின் முகம் சுருங்கியது. "உனக்கு எதுக்குடா? நீ உக்காந்து வேலை பாக்கத்தானே படிச்ச!"

"அது என்னதான் அடையாளம் தம்பி? மச்சமா?" என்றாள் அத்தை.

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கைக்கெட்டிய உதாரணம் குடோன்தான். அங்கே ஒரு முறை உண்டு. ஒவ்வொரு அறைக் கதவுக்கு வெளியிலும் ஒரு சின்னத் தட்டு தொங்கும். உள்ளே இருக்கிற மூட்டைகளில் குத்தூசியைச் செருகி எடுத்த ஒரு பிடி பருப்பு அதில் இருக்கும். தட்டுக்காரர் என்று ஒருவர், காலையிலிருந்து மாலை வரை ஒவ்வொரு தட்டாகக் கிளறிப் பார்த்துக்கொண்டே நடப்பார். கதவைத் திறக்க மாட்டார். தட்டில் வண்டு இருந்தால் அந்த அறையை மூடி, புகை மருந்து வைத்துவிடுவார்கள்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு அணுவும் ஒரு ரூம்னு வச்சுக்கங்க. உள்ள என்ன இருக்கோ அதுல ஒரு துணுக்கை எடுத்து, வெளியில தட்டுல வச்சுக் காட்டும். எதிர்ப்பு அணுக்கள் தடவிப் பாத்துட்டே போகும். உள்ள கிருமி இருந்தா, தட்டுல கிருமித் துணுக்கு இருக்கும். உடனே அந்த ரூமுக்கு மருந்துதான்."

"பிடிச்ச வண்டை உள்ளங்கையில வச்சுக்கிட்டு முதலாளி ரூமுக்கு ஓடுவான் பாரு ஒருத்தன், அந்த மாதிரியும் இருக்கா?"

"இருக்கு மாமா. கிருமியை முழுங்கிட்டு, அதோட துணுக்கைத் தூக்கிட்டுப் போய், எல்லாரையும் எழுப்பிக் காட்டுறதுக்குன்னே சில அணு இருக்கு. அதுங்க தட்டு வேற தினுசு. இந்த பி-27ங்கிறது ரூம் வாசல்ல தொங்குற தட்டுல ஒரு வார்ப்பு. ஆளுக்கு ஆள் வார்ப்பு மாறும். உங்களுக்கும் எனக்கும் ஒரே வார்ப்பு."

"சரி. என் இடுப்புல கிருமி இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு மருந்து வைக்குறான்?"

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முந்தின நாள் புத்தகங்களைப் புரட்டியிருந்தேன். "சில பேர், தட்டுல இருக்குற நல்ல துணுக்கே கிருமித் துணுக்கு மாதிரி தெரியுதுன்னு சொல்றாங்க. சில பேர், தட்டு வார்க்கும்போதே நெளிஞ்சு போய், ரூமுக்குள்ள கலவரம் ஆகுதுன்னு சொல்றாங்க. இன்னும் சில பேர், ரெண்டு தட்டு ஒட்டிக்கிட்டு வெளிய வருது, பாக்குறவங்க தப்பா எடுத்துக்கிறாங்கன்னு..."

"எதுதான் சரி?"

"தெரியாது மாமா. யாருக்கும் உறுதியா தெரியாது."

அத்தை கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். "தெரியாதுங்கிறதையா தம்பி இவ்வளவு நேரம் சொன்ன?"

மூட்டு மருத்துவர் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேருகிற இடத்தை வேறு வகை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் பளிச்சென்று இருந்த இடத்தில், இந்தப் படத்தில் அழற்சி தெரிந்தது. அந்த அடையாளத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்வதில்லை, அது இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை என்று என்னைப் பார்த்தே சொன்னார். மாமாவுக்கு மாத்திரை எழுதினார், உடற்பயிற்சி எழுதினார். முதலாளிக்குக் காட்ட ஒரு சீட்டும் கேட்டு வாங்கினோம்.

மாசம் முடிவதற்குள் அந்தச் சீட்டோடு நானும் மாமாவும் முதலாளி முன்னால் நின்றோம். அவர் கண்ணாடியை ஏற்றி, சத்தமாகவே படித்தார்: "நீண்ட நேரம் உட்காருவதைத் தவிர்க்க வேண்டும். நடமாட்டமுள்ள வேலை உடலுக்கு உகந்தது."

இன்னொரு முறை படித்தார். "இப்படி ஒரு வியாதி இருக்கா? இது ஒட்டுமா தம்பி?"

"ஒட்டாது சார்."

"ஒட்டினா நல்லா இருக்கும். என் ஆளுங்க எல்லாருக்கும் வரட்டும்."

மாமா சிரிக்கவில்லை. "மூட்டைக்கு விடுங்கன்னு கேட்டதுக்குக் காரணம் வேற எதுவும் இல்ல முதலாளி. பருப்புல ஒரு மணி எடுத்திருந்தாலும் என்னை வெளிய தள்ளுங்க. எடுக்காம தள்ளாதீங்க." முதலாளி சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

"நீ எடுத்தன்னு நான் சொல்லலையே. எனக்குப் புரியலன்னு சொன்னேன். இப்பவும் புரியல." அவர் சீட்டின் கடைசி வரியைத் தொட்டார். "அதிக பாரம் தூக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கு. உக்காரவும் கூடாது, தூக்கவும் கூடாது. பின்ன, ஊர்வலமா போகச் சொல்றியா?"

மாமா சன்னலைக் காட்டினார். வெளியே தட்டுக்காரர், கதவுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு மூட்டை மேல் சாய்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி எங்கள் இருவரையும் தட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். "தட்டை நீ பாரு. சம்பளம் அந்த வேலைச் சம்பளம்தான்" என்றார்.

தட்டுக்காரர் எடை மேடைக் கண்ணாடி அறைக்குள் வந்து, "நிஜமாவே எனக்கா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சக்கரம் வைத்த நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு உட்கார்ந்தால்தான் வலி போகுமாம். எனக்கு அது தெளிவாகப் புரிந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

அத்தைக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. "பொத்தான் அமுக்குறார்" என்று சொன்ன வாயால் "நடக்குறார்" என்று எப்படிச் சொல்வது? "மேற்பார்வை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாமாவுக்குக் காலையில் இறுக்கம் இருக்கத்தான் செய்கிறது. முன்பளவு இல்லை. கண் தெளிந்துவிட்டது. எங்கள் கூடத்தில் பி-27க்கு நார்மல் இப்போது வரவேற்பு அக்கா. அந்தப் பதவியை நான் இழந்துவிட்டேன். மாமா நினைத்த நேரத்தில் போன் செய்து, "மாப்ள, உக்காந்திருக்கியா? எந்திரி" என்கிறார். நானும் ஏனென்று தெரியாமல் எழுந்து நிற்கிறேன்.

போன வாரம் குடோனுக்குப் போயிருந்தேன். மாமா தட்டுகளைக் கிளறிக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தார். ஈடுகொடுக்க எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு கதவு முன்னால் நின்றுவிட்டார். தட்டில், பருப்புக்கு நடுவே ஒரு வண்டு. ஒன்றே ஒன்று.

குனிந்து பார்த்தார். குனிய முடிந்தது. "இது உள்ள இருந்து வந்ததா மாப்ள? இல்ல, வெளிய பறந்து வந்து தட்டுல உக்காந்துதா?"

"தெரியல மாமா."

பழைய தட்டுக்காரர் காலத்தில் இந்நேரம் மருந்துக்கு ஆள் போயிருக்கும். மாமா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார்.

"வா, உள்ள போய்ப் பாத்துருவோம்" என்று கதவைத் திறந்தார்.